பதிமுகத் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானம்

என் இடத்துக்கு வந்திருக்கும் புதிய கப்பியார் போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு போன் செய்தார். தமிழ்நாட்டில் கோயில்பிள்ளை என்பார்களே, மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அச்சனுக்கு அங்கி எடுத்துக் கொடுத்து, கோயிலின் பதிவேடுகளையும் பார்த்துக்கொள்ளும் ஆள், அவரைத்தான் இங்கே கப்பியார் என்பார்கள். அச்சன் என்றால் பாதிரியார், கூப்பிடும்போது அச்சோ. புதியவர் பெயர் பிஜு. இடப்பள்ளியில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மூச்சு வாங்கப் பேசினார்.

“முத்து சேட்டா, ஞானஸ்நானம் முடிஞ்சுது. ஆனா போட்டோக்காரன் இன்னொரு தடவை ஊத்தச் சொல்றான். முதல் தடவை லைட் சரியில்லையாம்.”

பின்னால் ஒரு குரல் கேட்டது. “ஒண்ணு கூடி மதி, அச்சோ! இன்னும் ஒரே தடவை! குழந்தை தலை கொஞ்சம் இந்தப் பக்கம்!”

“பிஜு, தண்ணியில விரல்கூட வைக்க விடாதீங்க. தண்ணி மொண்டு ஊத்துற சிப்பியை வெறுமனே அச்சன் கையில குடுங்க. வாயைத் திறக்காம தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க. போட்டோ எடுத்துக்கட்டும்.”

அப்படியே செய்தார்கள். கடைசியில் பிஜு ஒரு கேள்வி கேட்டார். “ரெண்டாவது தடவை ஊத்தினா என்ன சேட்டா? குழந்தை கரைஞ்சா போயிடும்?”

குழந்தை கரையாது. ஆனால் அந்த இரண்டாவது தடவை என்ற விஷயத்தில் ஒரு கல்யாணமே கரைந்து போகப் பார்த்தது. அதை போனில் சொன்னால் பிஜுவின் பாட்டரி தீர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் பிறந்தேன். எட்டாவது வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, அவர் அங்கேயே இருந்தார், நான் கிளம்பிவிட்டேன். உப்பளம், லாரி கிளீனர், மீன்பிடிப் படகில் சமையல், மறுபடி லாரி. ஓர் ஊரில் கொஞ்ச நாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து அரிசி மண்டியில் மூட்டை தூக்கினேன், மூட்டை மேலேயே தூங்கினேன். இடுப்பு போனது. தூக்க முடியாதவனுக்கு மண்டியில் என்ன வேலை? பக்கத்திலிருந்த மாதா கோயிலில் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். மழைக்காலம் முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். கிளம்பவிடாமல் செய்தவர் ஜெர்வாஸ் அச்சன்.

ஜெர்வாஸ் அச்சன் எங்கள் பங்குத் தந்தை. பெரிய உடம்பு, சிறிய கண், எதற்கும் உட்காரமாட்டார். பழம்பொரியை, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜியை, கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே எல்லாவற்றையும் சொல்வார். என்னைப் போன்ற தமிழ்க்காரர்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து ஒரு பாஷை பேசுவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், சந்தோஷம் வந்தால் மேசையைத் தட்டுவார். என் காலத்தில் அந்த மேசைக்கு ஒரு கால் புதிதாக மாற்றினோம்.

ஞானஸ்நானத்தை எனக்கு அவர் ஒரு பூசணிக்காயை வைத்துக் கற்றுக்கொடுத்தார்.

“முத்து, பிரசவ ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை சாகக் கிடக்குது. நான் ஊர்ல இல்ல. ஆரு ஊத்தும்?”

“வேற அச்சன்.”

“அவரும் இல்ல.”

“கன்னியர்கள்.”

“இல்ல. நீ மட்டும். இந்தா, குழந்தை.” பூசணிக்காயை என் மடியில் வைத்தார்.

நான் பயபக்தியோடு விரலைத் தண்ணீரில் தொட்டு அதன் மேல் தடவினேன். அவர் குரல் இறங்கியது. “தடவாதே. அது என்ன பொட்டு வைக்கிறதா? ஊத்து. தண்ணி ஓடணும். முடி மேல ஓடினா போதாது, தோல் மேல ஓடணும்.” நான் ஊற்றினேன். என் வேட்டி நனைந்தது. “வார்த்தை எங்கே?” வார்த்தையைச் சொன்னேன். “ஊத்தி முடிச்சிட்டு சொல்றியா? ஊத்துற கையும் சொல்ற வாயும் ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில. நீ ஊத்தி நான் சொன்னா ஒண்ணும் நடக்கல. பூசணிக்காய் பூசணிக்காயாவே இருக்கும்.”

அன்று அந்தப் பூசணிக்காயை எத்தனை முறை குளிப்பாட்டினேன் என்று தெரியாது. பிறகு சமையல்காரம்மா அதை எரிசேரி வைத்தார். ஜெர்வாஸ் அச்சன் ஒரு வாய் எடுத்துவிட்டு, “இது இனி இந்துவும் இல்ல முஸ்லிமும் இல்ல” என்றார். சமையல்காரம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த அவசர நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். ஞானஸ்நானம் பெற்றவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நிஜமான தண்ணீர், சரியான வார்த்தை, சபை எதை நினைத்துச் செய்கிறதோ அதைச் செய்யும் எண்ணம், இவை இருந்தால் ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்ட பிறகு மறுபடி ஊற்ற முடியாது. ஒருவர் இரண்டு முறை பிறக்க முடியாதது மாதிரி.

இதை நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு வீட்டில் அப்பாவின் தங்கையும் அம்மாவின் அக்காவும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், காய்ச்சல் கண்ட ஒரே குழந்தைக்குக் கழிவறைக் குழாயடியில் ஒருமுறையும் சமையலறைத் தொட்டியில் ஒருமுறையும் ஊற்றிவிட்டார்கள். ஒருத்தி ஜோசப் என்றாள், இன்னொருத்தி அல்போன்ஸ் என்றாள். குழந்தை நன்றாகிவிட்டது. யார் முதலில் ஊற்றியது என்று இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வந்து சண்டை போட்டார்கள். ஜெர்வாஸ் அச்சன் கேட்டார், “ஊத்தும்போது டிவியில என்ன ஓடிச்சு?” அதிலிருந்து நேரத்தைக் கண்டுபிடித்து, அத்தை ஜெயித்தார். குழந்தை ஜோசப். பெரியம்மா கோயில் வாசலில் நின்று, “அல்போன்ஸேன்னுதான் நான் விளிக்கும்!” என்று கத்திவிட்டுப் போனார். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறாராம், அவன் இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கிறானாம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்த வேளையில்தான் செல்வமேரி வந்தாள்.

செல்வமேரியின் புருஷன் என்னோடு மண்டியில் மூட்டை தூக்கியவன். பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் குடும்பத்தோடு நாகர்கோவில் பக்கம் போனான், அங்கேயே இறந்தும் போனான். செல்வமேரி மகளைத் தனியாக வளர்த்து, ஒரு தையல் கடையில் வேலைக்காக மறுபடி மட்டாஞ்சேரிக்கே வந்திருந்தாள். மகள் அமலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஷிபின், வைப்பின் தீவில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசிக்க வேண்டும், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபைக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு முன் பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும்.

நான் அலமாரியைத் திறந்து பதிவேட்டைப் புரட்டினேன். அமலா பிறந்த வருடம் முழுக்கத் தேடினேன், அடுத்த வருடமும் தேடினேன். அந்தக் காலத்தில் பெயர் வைக்காமலே குழந்தையைக் கொண்டுவருவார்கள் என்பதால் அப்பா பெயரிலும் தேடினேன். இல்லை.

“இங்கதான் ஊத்தினாங்க சேட்டா,” என்றாள் செல்வமேரி. “கோயில்ல இல்ல. கன்னியர் ஆஸ்பத்திரியில.”

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அங்கே அமலாவும் அவளோடு ஒரு பையனும் இரட்டையாகப் பிறந்தார்கள், மாதம் நிறையாமல். பையன் மூச்சுக்குத் தவித்தான். பெண்ணுக்கும் உதடு நீலமாக இருந்தது. கன்னியர்கள் பிரசவ அறையில் டாக்டரோடு இன்னொரு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். வார்டில் இருந்தது ஆயா கதீஜா பீவி மட்டும். அவர்தான் இரண்டு பேருக்கும் ஊற்றினார். பையன் அந்தோணி அன்றே இறந்தான், கன்னியர்கள் தங்கள் கல்லறையிலேயே அவனை அடக்கம் செய்தார்கள். அமலா பிழைத்துக்கொண்டாள்.

பதிவு ஏன் இல்லை என்றால், கதீஜா கன்னியரிடம் சொன்னார், புருஷன் கோயிலில் சொல்லியிருப்பான் என்று கன்னியர் நினைத்தார், கன்னியர் சொல்லியிருப்பார் என்று புருஷன் நினைத்தான். நாகர்கோவிலில் கேட்டபோது கொச்சியில் ஊற்றியாகிவிட்டது என்று செல்வமேரி சொன்னாள், அங்கிருந்த சாமியார் அதை நம்பி அமலாவுக்கு ஞானஸ்நானத்துக்கு அடுத்த சடங்கான புதுநன்மையும் கொடுத்துவிட்டார்.

ஜெர்வாஸ் அச்சனுக்கு இது கவலையே இல்லை. “பார்த்த ஆள், நம்பக்கூடிய ஆள் ஒருத்தர் சொன்னா போதும். ஊத்தின ஆளே இருக்காங்க. பின்னெ எந்தா? கூட்டிட்டு வா.”

இத்தா, அதாவது அக்கா, என்று ஊரே கூப்பிடும் கதீஜா பீவி இருக்கும் சந்து எனக்குத் தெரியும். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய இருக்கும் சந்து. விஷயத்தைச் சொன்னதும், “அந்த நீல உதட்டுக்காரிக்கா கல்யாணம்!” என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தார். எனக்கு இடுப்பு சரியில்லை என்பதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அலுவலகத்தில் ஜெர்வாஸ் அச்சன், உதவிப் பங்குத் தந்தை நெல்சன் அச்சன், செல்வமேரி, அமலா, நான். நெல்சன் அச்சன் அப்போதுதான் படிப்பு முடித்து வந்திருந்த இளைஞர், நல்ல மனசு, எதையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிக்க வேண்டும் அவருக்கு. ஜெர்வாஸ் அச்சன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிசயமாக, உட்கார்ந்தார்.

“இத்தா, தலையில ஊத்தினீங்களா, தெளிச்சீங்களா?”

“தெளிக்கிறதுக்கு அது என்ன கல்யாண வீட்டுப் பன்னீரா? ஊத்தினேன் அச்சோ.”

“ஓடிச்சா?”

“ஓடி என் முழங்கை வழியா இறங்கி ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. முதல்ல பையன், அப்புறம் இவ.”

“வார்த்தை ஆரு சொன்னது? செல்வமேரியா?”

“இவளா! இவளுக்குத் தையல் போட்டு அப்பத்தான் வார்டுல கொண்டுவந்து படுக்க வெச்சிருந்தாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு ‘இத்தா ஊத்துங்க, இத்தா ஊத்துங்க’ன்னு மட்டும்தான் சொன்னா. ஊத்தினதும் நான், சொன்னதும் நான்.” உடனே, யாரும் கேட்காமலே, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்ற முழு வாக்கியத்தையும் மலையாளத்தில், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். “மதர் எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. தோட்டக்காரருக்கும் தெரியும்.”

“நல்லது. ஊத்தும்போது மனசில எந்தா இருந்தது?”

கதீஜா பீவி கொஞ்சம் யோசித்தார். “நான் எங்க அல்லாவைத்தான் கூப்பிட்டேன், இதைப் பிழைக்க வைன்னு. ஆனா இது இவ பிள்ளைங்க. உங்க ஆளுங்க இதுக்கு என்ன அர்த்தம் வெச்சிருக்கீங்களோ, அந்த அர்த்தத்துக்குத்தான் ஊத்தினேன். என் சொந்தச் சரக்கு எதையும் அதுல கலக்கல.”

ஜெர்வாஸ் அச்சன் மேசையைத் தட்டினார். மைக்கூடு துள்ளியது. “அவ்வளவுதான்! முத்து, பதிவேட்டைக் கொண்டா. குழாய்த் தண்ணிதானே இத்தா?”

இது எழுதுவதற்கு முன் வழக்கமாகக் கேட்பது. பதிலை எதிர்பார்த்துக்கூடக் கேட்கவில்லை.

“குழாயிலயா?” கதீஜா பீவி சிரித்தார். “மட்டாஞ்சேரியில இருந்துக்கிட்டு அச்சன் என்ன இப்படிக் கேக்குறீங்க? குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்துதான் வந்தது. கட்டில் பக்கத்துல ஜக்குல பதிமுகத் தண்ணி இருந்துச்சு. அதைத்தான் எடுத்தேன்.”

பேனா நின்றது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கேரளத்தில் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது பதிமுகம் என்ற மரத்தின் சிராய்களைக் கொஞ்சம் போடுவார்கள். தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். வீட்டிலும் ஹோட்டலிலும் அதுதான். நான் முதன்முதலில் பார்த்தபோது, யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டார்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போனவன்.

நெல்சன் அச்சன்தான் முதலில் பேசினார். “பால், எண்ணெய் எல்லாம் செல்லாது. சாயா, கஞ்சித் தண்ணி மாதிரி இருந்தா சந்தேகம்னு படிச்சிருக்கோம். இது மரத்தைப் போட்டுக் கொதிக்க வெச்சது. சாயாவும் இலையைப் போட்டுக் கொதிக்க வெச்சதுதானே? சந்தேகம் வந்தாச்சு. நிபந்தனை ஞானஸ்நானம் குடுத்துடலாம். ‘நீ இதுவரை ஞானஸ்நானம் பெறாதிருந்தால்’னு சொல்லி இப்பவே ஊத்தினா ரெண்டு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல.”

நியாயமான பேச்சு. நான் சிப்பியை எடுக்க எழுந்துவிட்டேன்.

“அப்ப அந்தோணி?” என்றாள் செல்வமேரி.

யாருக்கும் புரியவில்லை. அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. “ரெண்டு பேருக்கும் ஒரே ஜக்குதான் அச்சோ. இவளுக்கு ஊத்தினது சந்தேகம்னா அவனுக்கு ஊத்தினதும் சந்தேகம். இவளுக்கு மறுபடி ஊத்திடுவீங்க. அவனை எங்க போய்க் கூட்டிட்டு வர?”

நெல்சன் அச்சனின் முகம் வெளுத்துவிட்டது. அந்த நிமிஷம்வரை அவர் பையனைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஜெர்வாஸ் அச்சன் மெதுவாகச் சொன்னார். “மோளே, கடவுள் தண்ணிக்குள்ள அடைபட்ட ஆள் அல்ல. கைக்குழந்தையை அவர் கைவிடமாட்டார்.”

“கடவுளுக்குத் தெரியும் அச்சோ. எனக்குத் தெரியணும். இத்தனை வருஷமா அவன் ஞானஸ்நானம் வாங்கிட்டுத்தான் போனான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். வேற ஒண்ணும் அவனுக்கு நான் குடுக்கல. பால்கூடக் குடுக்கல.”

அமலா எழுந்து அம்மாவின் பக்கம் போய் நின்றாள். “எனக்கு மறுபடி ஊத்த வேண்டாம் அச்சோ. கல்யாணம் தள்ளிப் போனா போகட்டும். ஷிபின்கிட்ட நான் சொல்லிக்கிறேன். எஞ்சின் ஆள், காத்திருந்து பழக்கம்தான்.”

கதீஜா பீவி, “என் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஜெர்வாஸ் அச்சன் எழுந்து மூன்று தடவை அறையைச் சுற்றி நடந்தார். பிறகு என்னிடம், “நாளைக்குக் காலையில குடை எடுத்துக்கோ. பஜாருக்குப் போறோம்” என்றார்.

“பஜார்ல என்ன அச்சோ?”

“வெள்ளம்.” தண்ணீருக்கு மலையாளத்தில் வெள்ளம் என்பார்கள். “எது தண்ணின்னு சபை சோதனைக்கூடத்துல கேக்காது. ஊர்ல ஜனங்க எதைத் தண்ணின்னு குடிக்கிறாங்களோ அது தண்ணி. அதுதான் அளவுகோல். போய்க் கேப்போம்.”

மறுநாள் காலை நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். வெள்ளை அங்கியில் இரண்டு அச்சன்கள், பின்னால் குடையோடு நான். முதல் ஹோட்டலில் ஜெர்வாஸ் அச்சன் உட்கார்ந்து, “குறச்சு வெள்ளம்” என்றார். ரோஜா நிறத்தில் ஒரு டம்ளர் வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது எந்தா?” என்று கேட்டார்.

“வெள்ளம், அச்சோ.”

“சாயா அல்லே?”

பரிமாறுபவர் எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். “அச்சனுக்குச் சாயா வேணும்னா தனியாக் கொண்டு வரேன்.”

ஜெர்வாஸ் அச்சன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நெல்சன் அச்சனைப் பார்த்தார். நெல்சன் அச்சன் போனில் குறித்துக்கொண்டார். அடுத்து அரிசி மண்டி. அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு பெரிய பாத்திரத்தில் பதிமுகத் தண்ணீர் இருக்கும். “இது சாயாவா, தண்ணியா?” என்று கேட்டார். என் பழைய கூட்டாளி ஒருவன் என் காதில், “முத்து, அச்சனுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சா?” என்றான். அங்கேயும் ஒரு டம்ளர். மசாலாக் கடையில் ஒரு டம்ளர். பிரியாணிக் கடையில் ஒன்று.

மட்டாஞ்சேரியில் சேதி நடப்பதில்லை, ஓடும். ஐந்தாவது கடைக்குள் நாங்கள் காலை வைக்கும் முன்பே முதலாளி எழுந்து நின்று, மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதற்கடுத்த கடையிலும் பாட்டில். தண்ணீர் சுத்தமா என்று பார்க்க சுகாதாரத் துறை அச்சனை அனுப்பியிருக்கிறது, டம்ளரைத் தூக்கிப் பார்த்தே கிருமியைக் கண்டுபிடிக்கிறார் என்று பஜார் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு கடைக்காரர் பதிமுகப் பாத்திரத்தையே மேசைக்கடியில் தள்ளி, அதன் மேல் சாக்கைப் போட்டு, சாக்கின் மேல் தானும் உட்கார்ந்துவிட்டார்.

“பாட்டில் வேண்டா!” என்று ஜெர்வாஸ் அச்சன் கத்தினார். “சுவப்பு வெள்ளம் தா!”

“இல்ல அச்சோ! இந்தக் கடையில அப்படி ஒண்ணும் கிடையாது! எங்க பரம்பரையிலயே கிடையாது!”

நான் குடையை மடக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இடுப்பு வலித்தது. நெல்சன் அச்சனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அவர் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். இதற்குள் ஜெர்வாஸ் அச்சனுக்குக் குடித்த தண்ணீரெல்லாம் வேலையைக் காட்டியது. எனக்குத் தெரிந்த ஒரு கிட்டங்கியின் கழிவறைக்குக் கூட்டிப்போனேன். வெளியே வந்து, “சபைக்காக ஆளுகள் ரத்தம் சிந்தியிருக்காங்க” என்றார்.

சேதி போய்ச் சேராத இடமாகப் படகுத் துறைப் பக்கம் போனோம். ஒரு சாயாக்கடை. உள்ளே, அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கிய தமிழ்க் கட்டட வேலைக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் டம்ளரைப் பார்த்துக் கடைக்காரரிடம், “ஏண்ணே, என்ன இது சாயத் தண்ணி? நல்ல தண்ணி குடுங்கண்ணே” என்றான்.

நெல்சன் அச்சன் சட்டென்று திரும்பினார். “கேட்டீங்களா? இவர் இதைத் தண்ணின்னு ஒத்துக்கல.”

ஜெர்வாஸ் அச்சன் வாடிவிட்டார். நான் அவனிடம் போனேன். “தம்பி, இது என்னங்கறே? டீயா?”

“டீயா? இதையா?” அவன் டம்ளரை ஆட்டிப் பார்த்தான். “இதை டீன்னு குடுத்தா எங்க ஊர்ல கடையையே பிரிச்சிருவாய்ங்கண்ணே. தண்ணிதான். ஏதோ கலரைப் போட்டு வெச்சிருக்காய்ங்க.” சாப்பாட்டில் காரம் போலிருக்கிறது, சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “அண்ணே, இன்னும் கொஞ்சம் தண்ணி” என்று டம்ளரை நீட்டினான்.

நெல்சன் அச்சன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் முன்னால் இருந்த டம்ளரை எடுத்து மெதுவாகக் குடித்தார்.

“எங்க வீட்டுல ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அம்மை பாட்டில்ல ஊத்திக் குடுக்குறது இதைத்தான்,” என்றார். “‘மோனே, வெள்ளம் எடுத்தோ’ன்னுதான் கேக்கும். ஒரு நாளும் வேற பேர் சொன்னதில்ல. காலையில இருந்து ஊரைச் சுத்திட்டு இருக்கேன், எங்க அம்மையைக் கேக்கத் தோணல.” அவருக்குச் சிரிப்பு பொங்கியது. இந்த முறை இருமலாக மாற்றவில்லை. விக்கல் வந்தது. விக்கலுக்கு என்ன கொடுப்பார்கள்? கடைக்காரர் அதிலேயே இன்னொரு டம்ளர் கொண்டுவந்து, “வெள்ளம் குடிக்கு அச்சோ” என்றார். மூன்று பேரும் மேசையில் கவிழ்ந்து சிரித்தோம்.

ஆயர் இல்லத்துக்கு விவரம் எழுதியது நெல்சன் அச்சன்தான். கதீஜா பீவியிடம் மறுபடி எல்லாம் கேட்டு, நோயாளிகளுக்குக் கொடுத்தது கடைகளில் இருப்பதைவிட லேசான நிறம் என்பதையும் சேர்த்து எழுதினார். திருச்சபைச் சட்டம் பார்க்கும் சாமியார் போனில் அழைத்து, “உண்மையாகவே ஒவ்வொரு கடையிலும் குடிச்சீங்களா?” என்று கேட்டாராம். பிறகு சொன்னார்: சாட்சி நம்பகமானவர், அந்த ஊரில் அது தண்ணீர், ஞானஸ்நானம் செல்லும், மறுபடி ஊற்றக் கூடாது.

சனிக்கிழமை எல்லாரும் மறுபடி அலுவலகத்தில் கூடினோம். ஊற்றுவதைத் தவிர விட்டுப்போன மற்ற சடங்குகளை அமலாவுக்குச் செய்தார்கள், நெற்றியில் எண்ணெய், கையில் மெழுகுவர்த்தி, மேலே வெள்ளைத் துணி. அந்தத் துணி கைக்குழந்தை அளவு. தோளில் போட்டால் கைக்குட்டை மாதிரி வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. அமலா சிரித்துச் சிரித்து மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டாள், நான் மறுபடி ஏற்றினேன்.

பிறகு ஜெர்வாஸ் அச்சன் பதிவேட்டைத் திறந்தார். முதல் வரியில் அந்தோணி, அவனுக்குத்தானே முதலில் ஊற்றினார்கள். அடுத்த வரியில் அமலா. தாய், தந்தை, பிறந்த இடம் எல்லாம் எழுதினார். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற பத்திக்கு வந்ததும் நிமிர்ந்தார். அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை பாதிரியார்களின் பெயர்கள்தான்.

“இத்தா, உங்க பேரை எழுதப் போறேன். உங்க வீட்டில, ஜமாத்தில ஏதும் பிரச்சினை உண்டோ?”

“எழுதுங்க அச்சோ,” என்றார் கதீஜா பீவி. “நாளைக்கு மேல போனதும் அல்லா கேட்டா, தண்ணி கேட்டாங்க, குடுத்தேன்னு சொல்லிக்கிறேன்.”

எழுதினார். இரண்டு வரியிலும் கதீஜா பீவி.

பதிவேட்டைப் பார்த்து அமலாவின் சான்றிதழை நான் தயார் செய்தேன். எதற்காக என்று கேட்டிருக்கும் இடத்தில், திருமணத்திற்காக. அச்சன் கையெழுத்துப் போட்டார். செல்வமேரி போகாமல் நின்றாள்.

“அந்தோணிக்கும் ஒண்ணு குடுங்க அச்சோ.”

ஜெர்வாஸ் அச்சன் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு தாளை எடுத்து எழுதி அவர் முன்னால் வைத்தேன். ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது.

“எதற்காகன்னு எழுதணும் மோளே. இவனுக்கு என்ன எழுத?”

“அதையே எழுதுங்க,” என்றாள் செல்வமேரி. “அவனும் கல்யாணத்துக்குத்தானே வர்றான்.”

அச்சன் பேனாவை எடுத்து அப்படியே எழுதினார், திருமணத்திற்காக. நான் முத்திரையை மையில் ஒற்றி அழுத்தினேன்.